எதை விடலாம் என்று தெரிந்த கணினி

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை பாதி கடந்ததும் அந்தப் படம் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. ஒரு பக்கம் நிலவில் நிற்கும் விண்வெளி வீரர், மறுபக்கம் ஒரு கைப்பேசி. கீழே ஒரு வாசகம்: “இதைவிடப் பல லட்சம் மடங்கு பலவீனமான கணினியை வைத்துக்கொண்டு அவர்கள் நிலவுக்குப் போனார்கள். நீங்கள் இதை வைத்துக்கொண்டு பூனை வீடியோ பார்க்கிறீர்கள்.” குடும்பக் குழுவில் வரும், பள்ளித் தோழர்கள் குழுவில் வரும், அலுவலகக் குழுவிலும் வரும். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழும். உடனே யாராவது ஒருவர் சலவை இயந்திரத்துக்குள் இருக்கும் சில்லுகூட அதைவிட வேகமானது என்பார். கைப்பேசியே வேண்டாம், அதை மின்னேற்றும் சார்ஜரே போதும் என்பார் இன்னொருவர். 2020இல் ஒரு மென்பொருள் பொறியாளர் உண்மையிலேயே உட்கார்ந்து சார்ஜருக்குள் இருக்கும் சில்லுகளை அப்பல்லோ கணினியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சார்ஜர்தான் வென்றது.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. அப்பல்லோ வழிகாட்டுக் கணினியின் தற்காலிக நினைவகத்தில் 2,048 சொற்கள்தான் அடங்கும். சொல் என்பது இங்கே கணினி ஒரே தடவையில் கையாளும் பிட்களின் தொகுப்பு. ஒரு சொல்லுக்கு 15 பிட். பிழையைக் கண்டுபிடிக்கக் கூடுதலாக ஒரு பிட். இன்றைய அளவையில் சொன்னால் 4 கிலோபைட்டுக்கும் குறைவு. 8 கிகாபைட் நினைவகம் உள்ள சாதாரணக் கைப்பேசி அதைப்போல 20 லட்சம் மடங்குக்கும் மேல். நிரந்தர நினைவகம் 36,864 சொற்கள், அதாவது ஏறத்தாழ 69 கிலோபைட். குழுக்களில் சுற்றும் அந்தப் படமே பெரும்பாலும் இதைவிடப் பெரிய கோப்பாக இருக்கும். கணினி நினைவகத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துத் திரும்ப ஏறத்தாழ 12 மைக்ரோ நொடி ஆனது. எடை 32 கிலோ. 55 வாட் மின்சாரத்தில், ஒரு குண்டு பல்பு எரியும் மின்சாரத்தில், அது ஓடியது.

இவ்வளவும் உண்மையாக இருந்தும் அந்த வாசகம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் படிப்பவர் மனத்தில் என்ன தங்குகிறது என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு ஏதோ ஓர் அரைகுறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துணிச்சலாகக் கிளம்பினார்கள், அதிர்ஷ்டம் துணை நின்றது என்ற எண்ணம் தங்குகிறது. அந்த எண்ணத்தின் மேல் அடுத்த செய்தி வந்து உட்காருகிறது: “இறங்கும்போது அந்தக் கணினி செயலிழந்துவிட்டது, ஆம்ஸ்ட்ராங் கையாலேயே இறக்கினார்.” அதற்கும் மேலே மூன்றாவது ஆள் வருகிறார்: “இத்தனை சிறிய கணினியால் எப்படி முடியும்? எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்தது.” சிரிப்பில் தொடங்கியது மூன்றே படியில் பொய்யில் போய் நிற்கிறது. ஏறும் ஒவ்வொரு படியிலும், அந்தக் கணினியை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வடிவமைத்தவர்களின் அறிவு பார்வையிலிருந்து மறைகிறது. என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது அதைத்தான்.

சென்ற ஆண்டு இந்தப் படம் எங்கள் குடும்பக் குழுவில் வந்தபோது என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கணினிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். படத்தைப் பார்த்தாள், சிரித்தாள், பிறகு கேட்டாள்: “சித்தப்பா, இது சிறியது என்பது சரி. வேலை அதிகமாகிவிட்டால் இது என்ன செய்யும்? என் லேப்டாப் என்றால் உறைந்து நின்றுவிடும். இது நின்றதா, இல்லையா?” பல ஆண்டுகளாக அந்தப் படத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு, கேட்க வேண்டிய கேள்வி எது என்று அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். எவ்வளவு வேகம் என்பதை விட்டுவிட வேண்டும். தாங்க முடியாத அளவுக்கு வேலை வந்து விழுந்த நேரத்தில் அது எப்படி நடந்துகொண்டது என்று பார்க்க வேண்டும். அப்படியொரு நேரம் அதற்கு உண்மையில் வந்தது. உலகமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்தபோது வந்தது.

கம்பியில் கோத்த நிரல்

அதற்கு முன் அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். 1961 ஆகஸ்டில், அப்பல்லோ திட்டத்தின் முதல் பெரிய ஒப்பந்தமே இந்த வழிகாட்டு அமைப்புக்குத்தான் போடப்பட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் நடத்திய கருவியியல் ஆய்வகம் அதைப் பெற்றது. ஒருங்கிணைந்த மின்சுற்று என்பதே புதிதாக இருந்த காலம். நம்பலாமா வேண்டாமா என்று மற்றவர்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது, முழுக்கணினியையும் அந்தச் சில்லுகளால் கட்டுவது என்று இவர்கள் முடிவெடுத்தார்கள். அதிலும் ஒரே ஒரு வகைச் சில்லு, நார் வாயில் எனப்படும் எளிய தருக்கச் சுற்று, ஆயிரக்கணக்கில். ஒரே வகை என்றால் சோதிப்பது எளிது, பழுதின் காரணத்தைத் தேடிப் பிடிப்பது எளிது. வேகத்தைவிட நம்பகத்தை முன்னால் வைத்த முடிவு அது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் சில்லுக்கான தொழில் கால் ஊன்றியதில் அந்த முடிவுக்குப் பெரும்பங்கு உண்டு. அப்படிப் பார்த்தால் கைப்பேசியும் அப்பல்லோ கணினியும் போட்டியாளர்கள் அல்ல, ஒரே குடும்பம்.

நிரல் இருந்த இடம் இன்னும் வியப்பானது. நிரந்தர நினைவகத்தைக் கயிற்று நினைவகம் என்று அழைத்தார்கள். சிறிய காந்த வளையங்கள். அவற்றின் ஊடே மெல்லிய செப்புக் கம்பிகள். கம்பி வளையத்துக்குள் நுழைந்து போனால் அது 1. வளையத்தைத் தவிர்த்துப் பக்கவாட்டில் போனால் 0. ஒரு வளையத்தின் வழியாக 192 கம்பிகள்வரை போகலாம். ஒரு தொகுதியில் 512 வளையங்கள்; ஒரு கணினிக்கு ஆறு தொகுதிகள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில், ரேதியான் ஆலையில் பெண்கள் உட்கார்ந்து இவற்றைக் கையால் கோத்தார்கள். துளையிட்ட நாடாவைப் படித்து, அடுத்து எந்த வளையம் என்று இயந்திரம் காட்டும். ஊசியைச் செலுத்துவது கை. வால்தம் கடிகாரத் தொழிலுக்கும் நெசவுக்கும் பேர்போன ஊர். நுண்ணிய கைவேலை அந்த ஊருக்குப் புதிதல்ல.

கோத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். முடித்துவிட்டால் ஒரு பிட்டைக்கூட மாற்ற முடியாது. இதன் பொருள் என்ன என்று இன்றைய மென்பொருளாளர்களுக்கு உடனே புரியும். “இப்போது வெளியிட்டுவிடுவோம், பிழை இருந்தால் அடுத்த வாரம் திருத்தம் அனுப்புவோம்” என்று சொல்லும் வசதி அங்கே இல்லை. விண்கலம் கிளம்புவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நிரல் இறுதியாகிவிட வேண்டும். மின்சாரம் போனாலும் அழியாது, மின்னல் தாக்கினாலும் அழியாது என்பது அதற்குக் கிடைத்த ஈடு. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கிளம்பிய முதல் நிமிடத்துக்குள் மின்னல் இரண்டு முறை தாக்கியது. கயிற்றில் இருந்த நிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு பெட்டி மட்டும் மனிதர்களை நிலவுக்குக் கொண்டுபோனது என்பது அந்த வாசகத்தின் மற்றொரு குறை. நிலவில் இறங்கிய ஒவ்வொரு பயணத்திலும் இப்படி இரண்டு கணினிகள்: கட்டளைக் கலத்தில் ஒன்று, இறங்கு கலத்தில் ஒன்று. சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கு ஐபிஎம் கட்டிய தனிக்கணினி இருந்தது. கட்டுப்பாட்டு மையம் இருந்த ஹூஸ்டனில் ஓர் அறை நிறையப் பெரிய ஐபிஎம் கணினிகள், உலகெங்கும் ஆண்டெனாக்கள். பாதையைக் கணக்கிடுவதில் பெரும்பகுதி பூமியில்தான் நடந்தது. ஆனால் நிலவில் இறங்கும் அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் பூமியால் கலத்தை ஓட்ட முடியாது. வானொலி அலை ஒருமுறை போய்ச் சேரவே 1.3 நொடி ஆகும். அங்கே அந்தச் சிறிய பெட்டிதான் எல்லாம்.

1202

1969 ஜூலை 20. அப்பல்லோ 11இன் இறங்கு கலமான ஈகிள் நிலவின் மேல் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், எந்திரம் எரிய இறங்கிக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கை ஒலிக்கிறது. கணினியின் சிறு திரையில் 1202 என்ற எண். ஆம்ஸ்ட்ராங், ஆல்டிரின் இருவருக்கும் அதன் பொருள் தெரியவில்லை. ஹூஸ்டனிடம் கேட்கிறார்கள். வழக்கமாக உணர்ச்சியே காட்டாத ஆம்ஸ்ட்ராங்கின் குரலில் அப்போது ஓர் அவசரம் கேட்கும்; பதிவில் இன்றும் அதை உணரலாம்.

நடந்தது இதுதான். மேலே சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்தோடு மீண்டும் சேர்வதற்கான ராடார், இறங்கும்போதும் உயிரோடு வைக்கப்பட்டிருந்தது. திடீரென்று திரும்பி மேலே போக வேண்டிவந்தால் உதவும் என்பதற்காக, நடைமுறைப் பட்டியலிலேயே அப்படி இருந்தது. அந்த ராடாருக்கும் கணினிக்கும் மின்சாரம் கொடுத்த இரண்டு மூலங்களும் ஒரே அலைவெண்ணில் ஓடின, ஆனால் கட்டம் பொருந்தி, அதாவது அலைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றாகச் சேர்ந்து, ஓடவில்லை. அதனால் அசையாமல் நின்ற ஆண்டெனா இடைவிடாமல் அதிர்வதுபோலக் கணினிக்குத் தோன்றியது. இல்லாத ஓர் அசைவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை எண்ணிக்கொண்டே இருந்தது. எண்ணும் ஒவ்வொரு முறையும் அதன் நேரத்தில் ஒரு துணுக்கு போனது. கூட்டினால், கணினியின் மொத்த நேரத்தில் 15 சதவீதம்வரை. இறங்கும் கட்டத்தில் அவ்வளவு நேரம் மிச்சமே கிடையாது. எங்கே இருக்கிறோம், எவ்வளவு வேகம், எந்திரம் எவ்வளவு எரிய வேண்டும் என்ற முக்கியக் கணக்கு இரண்டு நொடிக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்க வேண்டும். முந்தையது முடியும் முன்பே அடுத்தது தொடங்கியது. முடியாத வேலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தன. ஒரு கட்டத்தில், புதிய வேலையை வைக்க இடமில்லை. அதைத்தான் 1202 சொன்னது.

என் அண்ணன் மகளின் கேள்விக்கான விடை இந்த இடத்தில் இருக்கிறது. என் லேப்டாப்பும் அவள் லேப்டாப்பும் உறைந்து நிற்கும் இடம் இது. அந்தக் கணினி நிற்கவில்லை. கையில் இருந்த எல்லா வேலைகளையும் ஒரே கணத்தில் கீழே போட்டது. பிறகு, விடவே கூடாதவை என்று முன்பே குறித்துவைக்கப்பட்டிருந்த வேலைகளை மட்டும், அவை நின்ற இடத்திலிருந்து மீண்டும் எடுத்துக்கொண்டது. எந்திரம் அணையவில்லை. கலத்தின் நிலை குலையவில்லை. எங்கே இருக்கிறோம் என்ற கணக்கு தொலையவில்லை. அந்த நேரத்தில் ஆல்டிரின் திரையில் கேட்டிருந்த ஒரு கூடுதல் எண் மட்டும் மறைந்துபோனது. அது இல்லாமலும் இறங்கலாம். பெரிய கல்யாணச் சமையலில், பந்தி நடக்கும்போது ஓர் அடுப்பு அணைந்துவிட்டால் தலைமைச் சமையற்காரர் சோற்றையும் சாம்பாரையும் விடமாட்டார். ஜாங்கிரிச் சட்டியை இறக்கிவிட்டு அந்த அடுப்பைச் சோற்றுக்குக் கொடுப்பார். அவர் யோசித்து நிற்பதில்லை, எது முதல் என்பது அடுப்பு மூட்டும் முன்பே அவருக்குத் தெரியும்.

இந்த ஏற்பாட்டின் மூலவர் ஹால் லேனிங் என்ற கணிதவியலாளர். ஒவ்வொரு வேலைக்கும் நேரத்தைக் கூறுபோட்டு நிலையாக ஒதுக்கிவிடுவது அன்று பழகிய முறை. வேலை தனக்கான கூற்றுக்குள் முடியாவிட்டால் முழு அமைப்பும் தடுமாறும். லேனிங் வேறு வழியில் போனார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுத்தார். எண் பெரிதான வேலை எப்போது வந்தாலும் சிறியது ஒதுங்கி வழிவிடும். அதன் மேல், எது நடந்தாலும் பாதுகாப்பான புள்ளியிலிருந்து மீண்டும் தொடங்கும் முறையை மற்றவர்கள் கட்டினார்கள். ராடார் இப்படிக் குழப்பும் என்று அவர்களில் எவரும் கணிக்கவில்லை. என்ன தவறு நடக்கும் என்று தெரியாமலேயே, ஏதோ தவறு நடக்கும் என்று எண்ணி, அந்த நேரத்துக்கான ஒழுங்கை முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். இந்த வரியை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

மனிதர்களின் பக்கமும் இதே கதைதான். ஹூஸ்டனில் வழிகாட்டு அதிகாரியாக உட்கார்ந்திருந்த ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. பின்னறையிலிருந்து அவருக்கு உதவிய ஜாக் கார்மனுக்கு 24. சில வாரங்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே இதைப்போன்ற ஓர் எச்சரிக்கையைக் கொடுத்தார்கள். பொருள் புரியாத பேல்ஸ், பயணத்தைக் கைவிடச் சொன்னார். தேவையே இல்லாத கைவிடல் என்று பிறகு தெரிந்தது. வரக்கூடிய ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போடச் சொன்னார் பயண இயக்குநர் ஜீன் கிரான்ஸ். கார்மன் தன் கையால் எழுதி, மேசைமேல் கண்ணாடித் தகட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். உண்மையில் 1202 வந்தபோது அந்தத் தாளைப் பார்த்து, தொடர்ந்து இடைவிடாமல் வராதவரை போகலாம் என்றார். பேல்ஸ் அதைக் கிரான்ஸிடம் சொன்னார். வீரர்களோடு வானொலியில் பேசும் பொறுப்பில் இருந்த சார்லி டியூக் நிலவுக்குச் சொன்னார். முதல் எச்சரிக்கையிலிருந்து பதில் வரும்வரை ஏறத்தாழ அரை நிமிடம். அந்த எச்சரிக்கை மீண்டும் மீண்டும் வந்தது. அதன் உறவான 1201ம் ஒருமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் கணினி எல்லாவற்றையும் உதறிவிட்டு, முக்கியமானதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியது.

அம்மாவின் கைப்பேசி

இந்தக் கதை எனக்கு ஏன் இத்தனை நெருக்கமாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஓர் இரவு அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஊரில் அம்மாவும் அப்பாவும் மட்டும். அம்மா என்னை அழைக்கக் கைப்பேசியை எடுத்தார். திரை எரிந்தது, ஆனால் தொட்டால் எதுவும் நகரவில்லை. காலை வணக்கப் படங்களாலும் வீடியோக்களாலும் அதன் வயிறு நிரம்பியிருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதேதோ செயலிகள் தம்மைப் புதுப்பித்துக்கொண்டிருந்தன. அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அங்கிருந்த அக்காவின் பழைய பட்டன் போனிலிருந்து என்னை அழைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது, அப்பா பிழைத்து நலமாக இருக்கிறார். மறுநாள் அந்தக் கைப்பேசியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அப்பல்லோ கணினியைப்போல லட்சக்கணக்கான மடங்கு நினைவகம் அதற்குள் இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பதை மட்டும் அந்த இரவில் அது காட்டவில்லை.

கைப்பேசி செய்பவர்களுக்கு முன்னுரிமை என்றால் என்ன என்று தெரியாது என்று நான் சொல்லவில்லை. லேனிங் எழுதிய கருத்துகளின் பேரன் பேத்திகள் இன்றைய ஒவ்வோர் இயங்குதளத்திலும் இருக்கின்றன. காரின் பிரேக்கிலும் விமானத்தின் கட்டுப்பாட்டிலும் அந்த ஒழுங்கு இன்றும் கறாராகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் மலிவான கைப்பேசி ஒன்றில், வயதான ஒருவரின் அழைப்பும் ஒரு விளையாட்டுச் செயலியின் புதுப்பித்தலும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது யாருக்கு முதலிடம் என்ற கேள்வியில் யாரும் நீண்ட நேரம் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. நினைவகம் மலிவானது; அதனால் கேள்வி தள்ளிப்போடப்பட்டது. 4 கிலோபைட்டுக்குள் வாழ்ந்தவர்களால் அதைத் தள்ளிப்போட முடியவில்லை. அவர்களின் ஏழ்மை அவர்களைச் சிந்திக்க வைத்தது என்பது என் துணிபு. கைப்பேசியையும் அந்தக் கணினியையும் பக்கம் பக்கமாக வைத்துப் படம் போடுபவர்கள் இந்த ஒப்பீட்டையும் போட வேண்டும்.

சிரிக்கத் தெரிந்தவர்கள்

நான் நகைச்சுவைக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் சிரித்துப் பேசுவது எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தக் கதைக்குள் நான் நுழைந்ததே அப்படித்தான். அப்பல்லோ 11இன் மூல நிரல் அச்சுத்தாள்களாக எம்ஐடி அருங்காட்சியகத்தில் இருந்தது. அப்பல்லோ கணினியை மென்பொருளாக மீட்டெடுக்க ரான் பர்க்கி தொடங்கிய விர்ச்சுவல் ஏஜிசி திட்டத்தின் ஆர்வலர்கள் அவற்றின் படங்களைப் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்தார்கள். 2016 ஜூலையில் அது, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றப்பட்டதும், உலகின் நிரலாளர்கள் எல்லாம் வந்து குவிந்தார்கள். யாரோ ஒருவர், வாடிக்கையாளர் குளிர்தொட்டியைக் கலக்கியபோது பெரிய சிக்கல் வந்துவிட்டது என்று, 1970இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்த அப்பல்லோ 13 விபத்தை ஒரு பிழை அறிக்கையாகவே பதிவு செய்திருந்தார். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன்.

ஆனால் நிரலின் உள்ளே இருந்த சிரிப்பு அதைவிடச் சுவையானது. எந்திரத்தைப் பற்றவைக்கும் பகுதிக்கு “எரி கண்ணே எரி” என்ற பொருளில் பெயர். அந்தத் தொடர் 1960களில் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் புகழ்பெற்ற முழக்கம். இறங்கும் சமன்பாடுகளுக்கு நடுவே, இரண்டு வரிகளுக்கு அருகில், “தற்காலிகம், என்று நம்புகிறேன் நம்புகிறேன் நம்புகிறேன்” என்று ஒருவர் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தத் தற்காலிக வரிகள் அப்படியே கம்பியில் கோக்கப்பட்டு நிலவுக்குப் போயின. ராடார் ஆண்டெனா சரியான இடத்துக்கு வரவில்லை என்றால் விண்வெளி வீரரிடம் “அந்தச் சனியனைத் தயவுசெய்து திருப்புங்கள்” என்ற தொனியில் ஒரு குறிப்பு. திருப்பிவிட்டேன் என்று அவர் பொத்தானை அழுத்தினால், “பொய் சொல்கிறாரா பார்” என்று அடுத்த குறிப்பு. கட்டளைகளை வினைச்சொல், பெயர்ச்சொல் என்ற எண் இணைகளாக வீரர்கள் தட்ட வேண்டியிருந்தது. அந்தப் பகுதியின் தலைப்பில், பெயர்ச்சொல் வினைச்சொல் என்று பேசித் திரிபவர்களைத் திட்டும் ஷேக்ஸ்பியரின் வரிகளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இந்தச் சிரிப்புக்கும் கைப்பேசிப் படத்தின் சிரிப்புக்கும் இடையில் எனக்கு ஒரு பெரிய தூரம் தெரிகிறது. “பொய் சொல்கிறாரா பார்” என்று எழுதியவர் உண்மையிலேயே சோதித்துப் பார்க்கும் நிரலை அதன் கீழே எழுதியிருக்கிறார். மனிதர் தவறுவார் என்பதை அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, அதற்கு வழியும் செய்துவைக்கிறார். இந்த மனப்பான்மை அங்கே எல்லோருக்கும் இயல்பாக வந்துவிடவில்லை. எம்ஐடியில் நிரல் குழுவுக்குப் பின்னர் தலைமையேற்ற மார்கரெட் ஹாமில்டன் தன் சிறு மகள் லாரனை ஆய்வகத்துக்கு அழைத்துப் போவதுண்டு. பறக்கும் ஒத்திகையின் நடுவே குழந்தை விளையாட்டாகப் பொத்தான்களை அழுத்தி, ஏவுதலுக்கு முந்தைய நிரலான பி01ஐத் தொடக்கிவிட்டாள், ஒத்திகை குலைந்தது. இதற்குத் தடுப்பு எழுத வேண்டும் என்று ஹாமில்டன் கேட்டார். பயிற்சி பெற்ற வீரர்கள் அப்படித் தவற மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 பயணத்தில் ஜிம் லவெல் கைதவறி அதே பி01ஐத் தொடக்கினார். கலம் எந்தத் திசையில் இருக்கிறது என்ற தரவு அழிந்துபோய், விண்மீன்களைப் பார்த்து மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது.

ஹாமில்டனுக்கு 2016இல் அமெரிக்காவின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. 2017இல் லெகோ நிறுவனம் நாசாவின் பெண்கள் என்ற தொகுப்பில் அவரையும் நிரல் கட்டுகளையும் பொம்மையாகவே கொண்டுவந்தது. தன் உயரத்துக்கு அடுக்கிய நிரல் கட்டுகளுக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் 1969ஆம் ஆண்டுப் படம்தான் அதற்கு மூலம். இணையத்தில் அந்தப் படத்தின் கீழே, அத்தனையையும் அவர் ஒருவரே எழுதினார் என்று போடுகிறார்கள். அது அவர் தலைமையேற்ற குழுவின் உழைப்பு. நூற்றுக்கணக்கானவர்களின் வேலையை ஒருவர் தலையில் வைப்பது அவருக்கும் பெருமை சேர்க்காது.

ஆம்ஸ்ட்ராங்கின் கைக்கும் இதே நியாயம் வேண்டும். கற்பாறைகள் நிறைந்த பள்ளத்தைத் தாண்டி, நல்ல இடம் தேடி அவர் கலத்தை ஓட்டிப்போனது உண்மை; அந்த நிதானத்துக்கு ஈடே இல்லை. ஆனால் கைப்பிடியை அவர் திருப்பியபோது அந்த அசைவு கணினிக்குப் போனது. எந்த உந்தியை எத்தனை கணம் எரிப்பது என்று கணினிதான் முடிவு செய்தது. இறங்கும் வேகத்தை ஒரு சிறு விசையால் அவர் கூட்டியும் குறைத்தும் சொன்னார். எந்திரத்தை அதற்கேற்ப ஏற்றி இறக்கியது கணினி. அது செயலிழந்திருந்தால் ஈகிள் இறங்கியிருக்காது. 1971இல் டேட்டாமேஷன் இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஹாமில்டன் இதைத்தான் வலியுறுத்தினார்: தன்மேல் அளவுக்கு மீறிய சுமை விழுவதைக் கணினியே உணர்ந்து, முக்கியமில்லாததை விலக்கி, முக்கியமானதைச் செய்தது.

அண்ணன் மகளிடம் இவ்வளவையும் சொன்னபோது, மாற்றவே முடியாத நிரலில் பிழை வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். அதற்கும் ஒரு கதை உண்டு. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 இறங்கத் தயாரானபோது, பயணத்தைக் கைவிடும் பொத்தான் யாரும் தொடாமலேயே அழுத்தப்பட்டதாகக் கணினிக்குத் தெரிந்தது. சுவிட்சுக்குள் உலோகத் துணுக்கு ஏதோ மிதந்து தொட்டது. அப்படியே இறங்கத் தொடங்கினால் கணினி தானாகக் கலத்தை மேலே திருப்பிவிடும். எம்ஐடியில் டான் ஐல்ஸ் என்ற இளம் நிரலாளர், இறங்கும் பகுதியை எழுதியவர்களில் ஒருவர், சில மணி நேரத்துக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார். கயிற்றைத் தொட முடியாது. ஆனால் தற்காலிக நினைவகத்தின் சில இடங்களை மாற்றினால், கைவிடுதல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று கணினி எண்ணிக்கொண்டு அந்தப் பொத்தானைப் பார்க்காமலே விட்டுவிடும். எண்கள் வானொலியில் வாசிக்கப்பட்டன, எட்கர் மிட்செல் அவற்றைத் தட்டினார், கலம் இறங்கியது. அவள் உடனே லேப்டாப்பைத் திறந்து அந்த நிரலில் பொத்தானைச் சரிபார்க்கும் வரியைத் தேடத் தொடங்கினாள்.

அப்பல்லோ 11 இறங்கியபோது ஹூஸ்டன் அறைக்குள் அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிலவோடு பேசும் பதிவைக் கேட்டவர்கள் இதையும் கேட்க வேண்டும். பயணம் தொடங்கி 102 மணி 38 நிமிடத்திலிருந்து கேளுங்கள். எச்சரிக்கை வந்ததும் கார்மனின் குரல், அதன்மேல் பேல்ஸின் குரல். பேல்ஸின் குரல் முதல்முறை நடுங்கும். அதே எச்சரிக்கை திரும்ப வரும்போது நடுக்கம் குறைந்து, பதில் சுருங்கி, கேள்வி முடியும் முன்பே விடை வரும்.